மூன்றரை அடி கீல் உள்ள பாய்ப்படகு நம்முடைய கடலுக்குச் சரிவருமா?

வேலணையூரான்

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு பைபர் பாய்ப்படகு விலைக்கு வந்திருக்கிறது. 18 அடி நீளம், இரண்டு பாய், உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். அடியில் ஈயக் கீல் (படகு சாயாமல் அடியில் நீட்டி நிற்கும் பாரமான தகடு) நிரந்தரமாகப் பூட்டியது, தண்ணீருக்குள் மூன்றரை அடி இறங்கும். காசு கட்டுப்படியாகும் போலத்தான் தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, லீவு நாள்களில் நானும் மனைவியும் எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, பழகிய பிறகு நெடுந்தீவு என்று இரண்டு மூன்று நாள் சுற்றிவர ஆசை. சின்ன வயதிலிருந்தே வள்ளம் பழக்கம், ஆனால் எல்லாம் என்ஜின் வள்ளம். பாய் இப்போதுதான் பழகுகிறேன். வாங்கலாமா? எந்த மாதம் தொடங்கலாம்?

சோளகம்

தம்பி, அந்தப் படகை விடுங்கள். படகில் குறை சொல்லவில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அது நல்ல சாமான், அங்கே கரையை ஒட்டியே ஆழம். நம்முடைய பரவைக்கடலில் (தீவுகளுக்கு இடையிலான ஆழமில்லாத கடலில்) பல இடத்தில் ஆறடி தேறாது. கரையை நெருங்க நெருங்க இடுப்பளவு, பிறகு முழங்காலளவு. மூன்றரை அடி கீலோடு வந்தால் கரைக்கு வெகுதூரம் தள்ளித்தான் நிற்க வேண்டும். சுண்ணக்கல் பாரில் (கடலடிப் பாறையில்) ஒருமுறை பலமாகத் தட்டினால் கீல் பூட்டிய போல்ட் அசைந்து கசிவு தொடங்கும். சேற்றில் ஏறினாலும் கஷ்டம்தான். இங்கே வற்றுப்பெருக்கு இரண்டடியைத் தாண்டாது, பெருக்கு வந்து தூக்கிவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

உங்களுக்கு வேண்டியது கீலுக்குப் பதிலாக ஏற்றி இறக்கும் பலகை வைத்த படகு. பலகையைத் தூக்கினால் ஒரு அடித் தண்ணீரில் மிதக்க வேண்டும். சுக்கானும் மேலே மடங்க வேண்டும், அதைப் பலர் பார்ப்பதில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருவார்கள், சுக்கான் தரையில் இடித்துப் பிளந்துவிடும்.

மூன்றாவது, பாய்மரத்தை அடியில் சாய்க்கக்கூடியதாகப் பாருங்கள். பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், வாணர் தாம்போதி மூன்றும் நம்முடைய கடலைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மரம் நிமிர்ந்த படகு அவற்றின் கீழே போகாது. அதனால் படகை எந்தப் பக்கம் கட்டுகிறீர்கள் என்பதிலேயே நீங்கள் எங்கே போகலாம் என்பது முடிந்துவிடும். ஊர்காவற்றுறைப் பக்கம் கட்டினால் எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு எல்லாவற்றுக்கும் பாலம் குறுக்கிடாது. காரைநகருக்கு ஆட்களை ஏற்றிப் போகிற பாதை (மிதவைப் படகு) இடையில் உள்ள வாய்க்காலைக் கடக்கும், அதற்கு எப்போதும் வழிவிடுங்கள். கரையில் மரத்தை நிமிர்த்த முன்னர் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினிய மரம் கம்பியில் பட்டால் ஆள் தப்பமாட்டார்.

பழைய பைபர் படகு என்றால் ஸ்குரூ டிரைவரின் பிடியால் படகின் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கிண்ணென்று கேட்டால் நல்லது. தொம்மென்று அமுங்கிக் கேட்கிற இடத்தில் பைபர் அடுக்குப் பிரிந்திருக்கிறது. பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் படகின் மேல்தட்டில் பூட்டிய இடத்தில் காலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே இருக்கிற பலகை உக்கிவிட்டது, விலையைப் பேசவே வேண்டாம். பலகை இறங்கும் பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான்.

காற்றுக்கு வருவோம். பங்குனி, சித்திரையில் தொடங்குங்கள். காலையில் தரைக்காற்று, மத்தியானத்துக்குப் பிறகு கடல்காற்று, பழகுகிறவனுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. சித்திரையில் பின்னேரம் இடிமழை கட்டும். தெற்கே கறுத்தால் கரை ஏறிவிடுங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கம் அப்போது அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும், ஆழம் குறைந்த கடலின் குணம் அது. அதே நாள்களில் காங்கேசன்துறைக் கரை அமைதியாகக் கிடக்கும். அதை நம்பி வடக்கே போகாதீர்கள். காற்று கரையிலிருந்து வெளியே வீசுகிறது, மரமோ சுக்கானோ உடைந்தால் படகு ஆழ்கடலுக்குத்தான் போகும். வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் வடகரை முழுக்கக் கொந்தளிப்பு. கார்த்திகை, மார்கழி புயல் காலம், அப்போது படகைக் கரையேற்றிப் பழுது பாருங்கள்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட கரையில் இன்று பாய் தைக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருக்கிறது. நீங்கள் பாய் பழகுகிறேன் என்று எழுதியதைப் பார்த்து எனக்கு நிறையச் சந்தோஷம். அதனால்தான் இவ்வளவு நீளம்.

பேர்கன் தமிழன்

சோளகம் அண்ணை சொன்னதோடு ஒன்று. பாயைக் குறைத்துக் கட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கரையில் நிற்கும்போதே அதைப் பழகுங்கள். வெள்ளைத்தலை அலை அங்கங்கே தெரியத் தொடங்கினால் இந்த அளவுப் படகுக்குப் பாயைக் குறைக்கும் நேரம் அதுதான், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இருந்தால் பிறகு கை நடுங்கும். குறைத்த பிறகு வேகம் போதாவிட்டால் திரும்ப ஏற்றுவது சுலபம்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் மிதக்கிற பிளாஸ்டிக் கயிறு யாழ்ப்பாண வெயிலில் சீக்கிரம் தும்பாகிவிடும். பாயை இழுக்கப் பொலியெஸ்டர் கயிறு, நங்கூரத்துக்கு நைலோன். மிதவை அங்கி ஆளுக்கு ஒன்று, ஏறும்போதே போட வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பேருமாகப் படகை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். மனைவியும் தனியாகப் படகைத் திருப்பி உங்களிடம் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் தவறி விழுந்தால் வேறு யார் வருவார்?

கரையோரக்காரி

எங்கள் வீட்டில் தொழில் செய்கிறவர்கள் சார்பாக ஒரு வேண்டுகோள். பரவைக்கடல் முழுக்கச் சிறகுவலைத் தடி (மீன் வலை கட்ட நட்ட தடி) நிற்கிறது, இப்போது கடலட்டைப் பண்ணை வேலியும் கூடிவிட்டது. இரவில் ஓடாதீர்கள். வலை மாட்டினால் கத்தியை எடுக்க வேண்டாம், பாயை இறக்கிப் பலகையையும் சுக்கானையும் தூக்கினால் பெரும்பாலும் தானாகக் கழரும். ஒரு வலை அறுந்தால் ஒரு வீட்டின் வருமானம் நிற்கும்.

படகின் பதிவுப் பத்திரம், அடையாள அட்டை இரண்டையும் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். கிளம்ப முன்னர் பக்கத்துக் கடற்படை முகாமிலும் கரையில் ஒருவரிடமும் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லுங்கள். நயினாதீவு அம்மன் திருவிழா நாள்களில் குறிகட்டுவான் பக்கம் படகு நெரிசல் அதிகம், அப்போது பாயோடு போக வேண்டாம்.

வேலணையூரான்

எல்லோருக்கும் மிக்க நன்றி. திருகோணமலைப் படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு கேள்வி: அனலைதீவில் இரவு தங்கினால் நங்கூரம் எப்படிப் போடுவது? வள்ளத்தில் கல்லைக் கட்டிப் போட்டுத்தான் பழக்கம்.

சோளகம்

கல் மீன் பிடிக்கிற நேரத்துக்குப் போதும், படுத்துத் தூங்கப் போதாது. மண்ணில் புதையும் நங்கூரம் வாங்குங்கள், அதோடு பத்துப் பதினைந்து அடி சங்கிலி. சங்கிலியின் பாரம்தான் நங்கூரத்தைப் படுக்கவைத்து இழுக்கும். தண்ணீருக்குள் எட்டிப் பாருங்கள், கறுப்பாகத் தெரிவது சாதாழை (கடற்புல்), அதில் நங்கூரம் பிடிக்காமல் வழுக்கும். வெளிறித் தெரிகிற மணலில் போடுங்கள். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு விடுங்கள், காற்று கூடினால் ஏழு மடங்கு. அணியத்திலிருந்துதான் (படகின் முன்பக்கம்) கட்ட வேண்டும், பின்பக்கத்தில் கட்டினால் அலை உள்ளே ஏறும்.

கட்டிய பிறகு கயிற்றின் மேல் கையை வைத்துப் பாருங்கள். இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகினால் பிடித்திருக்கிறது. கறகறவென்று அதிர்ந்துகொண்டே இருந்தால் நங்கூரம் தரையில் இழுபடுகிறது, தூக்கி மறுபடி போடுங்கள். அப்புறம் கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு கூரையையும் நேர்கோட்டில் பார்த்து வையுங்கள். காற்றுத் திசை மாறாமல் அந்த இரண்டும் விலகினால் படகு நகர்ந்துவிட்டது. காற்று எந்தக் கரையிலிருந்து வீசுகிறதோ அந்தக் கரையோரமே ஒதுங்குங்கள். இரவில் மரத்தில் ஒரு வெள்ளை விளக்கு எரிய வேண்டும், இறால் தொழிலுக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில்தான் வருவார்கள்.

பலகை வைத்த படகு ஏதாவது கண்ணில் பட்டால் அடிப்பக்கப் படமும் சேர்த்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.