முத்துக்குமாரசாமி என்ற பெயரை ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கிறது, பிஎச்பி தள்ளுகிறது. ஏன்?

ரோஸ்ஹில்_மாணவி:
வணக்கம். தைப்பூசக் காவடிக்குப் பதிவு செய்யும் படிவம் ஒன்றை எழுதி வெப் புரோகிராமிங் பழகுகிறேன். முன்னால், பிரௌசரில், எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட். பின்னால், சர்வரில், பிஎச்பி, தகவலைச் சேமிக்க மைஎஸ்க்யூஎல். பெயர், கைப்பேசி எண், ஊர் என்று மூன்றே கட்டங்கள்.

பெயர் 40 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன். தலைப்பில் உள்ள பெயரைப் போட்டால் பிரௌசர் விட்டுவிடுகிறது, சர்வர் "பெயர் நீளம்" என்று திருப்பி அனுப்புகிறது. கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று மூன்று கட்டங்களுக்கும் குறித்திருந்தும் டேபிளில் காலி வரிசைகள் விழுகின்றன. லெஸ்காலியே என்ற ஊரைப் பிரெஞ்சு எழுத்தில் (L'Escalier) போட்டால் எஸ்க்யூஎல் பிழை வருகிறது. பிரௌசரிலேயே சரிபார்த்துவிட்டால் சர்வரில் மறுபடி பார்க்க வேண்டுமா?

கத்ர்போர்ன்_நிரலர்:
கட்டாயம் பார்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது பதிவு செய்பவரின் கருவியில். அதை அவர் நிறுத்தலாம், திருத்தலாம். எஃப்12 அழுத்தி பிரௌசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து, கட்டாயம் என்ற குறிப்பை நீக்கிவிட்டு அனுப்பிப் பாருங்கள், காலிப் படிவம் அப்படியே சர்வருக்குப் போய்ச் சேரும். முன்பக்கச் சோதனை, தவறை உடனே காட்டி ஆளின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. டேபிளுக்குக் காவல் பிஎச்பி மட்டும்தான்.

காலி வரிசைக்கு வேறு காரணமும் இருக்கும். சேமிக்கும் பிஎச்பி பக்கத்தின் முகவரியை யாராவது, அல்லது ஏதாவது ஒரு பாட் (இணையத்தில் தானாக உலவும் நிரல்), நேரடியாகத் திறந்தால் அது கெட் கோரிக்கை (பக்கத்தைக் கேட்பது மட்டும்). எந்த மதிப்பும் வராது, ஆனாலும் உங்கள் நிரல் இன்செர்ட் செய்து காலி வரிசையைச் சேர்த்துவிடும். முதல் வரியிலேயே கோரிக்கை போஸ்ட் (படிவத்தை அனுப்புவது) தானா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். சேமித்து முடித்ததும் 303 (வேறு பக்கத்துக்குப் போ என்னும் பதில் எண்) கொடுத்து நன்றிப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் ரிஃப்ரெஷ் அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அதே ஆள் மறுபடி பதிவாவார்.

போர்ட்லூயி_டேட்டாபேஸ்:
பெயர் விஷயத்துக்கு வருகிறேன், தமிழில் நிரல் எழுதுபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. பிஎச்பியின் ஸ்ட்ர்லென் எழுத்தை எண்ணாது, பைட்டை, அதாவது கணினி சேமிக்கும் அலகை, எண்ணும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "மு" என்பது ம, உகரக் குறி என்று 2 குறியீடு, ஆக 6 பைட். முத்துக்குமாரசாமியில் 17 குறியீடுகள். ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 17 என்று சொல்லும், ஸ்ட்ர்லென் 51 என்று சொல்லும். உங்கள் எல்லை 40, அதனால்தான் ஒரே பெயருக்கு இரண்டு தீர்ப்பு.

ஸ்ட்ர்லென்னுக்குப் பதில் எம்பி_ஸ்ட்ர்லென் போடுங்கள், அதுவும் 17 தரும். மைஎஸ்க்யூஎல்லில் வார்ச்சார் 40 என்பதும் குறியீட்டைத்தான் எண்ணும், அங்கே சிக்கல் இல்லை. நாம் வாயால் எண்ணும் 9 எழுத்து வேண்டுமென்றால் பிஎச்பியில் கிராஃபீம்_ஸ்ட்ர்லென் இருக்கிறது. அதற்கு இன்டில் எக்ஸ்டென்ஷன் (பிஎச்பியின் கூடுதல் பகுதி) வேண்டும். இந்தப் படிவத்துக்கு அது தேவையில்லை.

லெஸ்காலியேயில் எல்லுக்கு அடுத்து வரும் ஒற்றை மேற்கோள்தான் பிழைக்குக் காரணம். மதிப்பை எஸ்க்யூஎல் வரிக்குள் ஒட்டியிருக்கிறீர்கள். ஊர்ப்பெயரின் மேற்கோள் வரியைப் பாதியில் மூடிவிடுகிறது. அதே ஓட்டை வழியாக வேண்டாத கட்டளையையும் நுழைக்கலாம். மேற்கோளை நீக்கித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், ஊர்ப்பெயர் கெடும். பிடிஓவில் (பிஎச்பி டேட்டாபேஸோடு பேசும் வழி) எஸ்க்யூஎல் வரியை முதலில் பிரிப்பேர் செய்து, மதிப்பை எக்ஸிக்யூட்டில் தனியாகக் கொடுங்கள். பட்டியலைப் பக்கத்தில் காட்டும்போது ஒவ்வொரு மதிப்பையும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாக விடுங்கள், உள்ளே எச்டிஎம்எல் குறி இருந்தாலும் வெறும் எழுத்தாகவே தெரியும்.

கத்ர்போர்ன்_நிரலர்:
கைப்பேசிக் கட்டத்துக்கு நம்பர் வகை வேண்டாம், டெல் (தொலைபேசி எண்) வகை போடுங்கள். நம் மொரிஷியஸில் கைப்பேசி எண் 8 இலக்கம். ஆனால் சிலர் நடுவே இடம் விடுவார்கள், சிலர் முன்னால் +230 சேர்ப்பார்கள். இலக்கம் அல்லாததை முதலில் நீக்குங்கள். 11 இலக்கமாகி 230இல் தொடங்கினால் அந்த மூன்றையும் எடுங்கள். அதற்குப் பிறகு சோதியுங்கள். பிஎச்பியில் நேர மண்டலத்தையும் இண்டியன்/மொரிஷியஸ் என்று வையுங்கள். சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால் நம் நேரத்துக்கு 4 மணி பின்தங்கும், நள்ளிரவு தாண்டிச் செய்த பதிவு முந்தைய நாள் கணக்கில் போகும்.

ரோஸ்ஹில்_மாணவி:
எம்பி_ஸ்ட்ர்லென், பிரிப்பேர் இரண்டும் மாற்றினேன், இரண்டு பிழையும் போய்விட்டன. மிக்க நன்றி. பழைய வரிசைகளில் சில தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறியாக நிற்கின்றன. அவற்றை மீட்கலாமா?

போர்ட்லூயி_டேட்டாபேஸ்:
கேள்விக்குறி என்றால் முடியாது. டேபிளில் பெயருக்கான பத்தி (column) லத்தீன்1 ஆக, அதாவது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டும் உரியதாக, இருந்திருக்கும். தமிழுக்கு அதில் இடமில்லாததால் கேள்விக்குறியையே சேமித்துவிட்டது. உச்சரிப்புக் குறி போட்ட பிரெஞ்சு எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியுமாகத் தெரிந்தால் பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கும், பேக்கப் எடுத்துக்கொண்டு மாற்றலாம். இனிமேல் வருவதற்கு டேபிள், பத்தி, பிடிஓ இணைப்பு மூன்றிலும் யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லின் முழு யுடிஎஃப்-8) வையுங்கள், ஒன்று விட்டாலும் கெடலாம். கேள்விக்குறியான வரிசைகளில் கைப்பேசி எண் சரியாக இருக்கிறதல்லவா? கூப்பிட்டுப் பெயரைக் கேட்டு எழுதிவிடுங்கள்.