கிணற்றில் 50 சுற்று போட்டால் 1,900 மீட்டர் ஆகிவிடுமா?

வாலாஜா கணக்காசிரியர் | காலை 4:50
நேற்று குடியாத்தத்து நண்பர் ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: “வேலை, குடும்பம் என்று ஓடுகிறவனுக்கு வாரம் ஆறு மணி நேரம் போதும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டியை முடித்துவிடலாம். நீச்சலுக்கு நகரத்துக் குளம் தேவையில்லை. எங்கள் கிணறு 40 அடி விட்டம், ஒரு சுற்று 38 மீட்டர். 50 சுற்று போட்டால் 1,900 மீட்டர்.” ஆறு மணி நேரக் கதையைப் பிறகு பார்க்கலாம். ஒரு சுற்று 38 மீட்டர் என்பது பொய்க்கணக்கு. 40 அடி என்பது 12.2 மீட்டர். அதன் சுற்றளவு 38 மீட்டர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கிணற்றுச் சுவரின் சுற்றளவு. நீந்துகிறவர் சுவருக்குள் புகுந்தா நீந்துகிறார்? கையை வீச இடம் வேண்டுமென்றால் உடல் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அப்போது விட்டம் 10.2 மீட்டர், ஒரு சுற்று 32 மீட்டர். 50 சுற்றுக்கு 1,600. மீதி 300 மீட்டரை யார் நீந்தியது?

குடியாத்தம் கைலிக்காரர் | காலை 6:20
ஐயா, அந்த 300 மீட்டரையும் நான்தான் நீந்தினேன். ஆறு வயதிலிருந்து அதே கிணற்றில் நீந்துகிறவன் நான். சுவரில் விரல் உரசும் தூரத்தில்தான் எப்போதும் போவேன். ஒரு மீட்டர் தள்ளிப் போகிறேன் என்று வாலாஜாவில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டீர்கள்? காலை எட்டு மணிக்குத் தறிக்கூடத்தில் இருக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குத்தான் சரக்குக் கணக்கு முடியும். வேலூர் போய்க் குளத்தில் நீந்தித் திரும்ப மூன்று மணி நேரம் ஆகும். கிணறு வீட்டிலிருந்து சைக்கிளில் நான்கு நிமிடம். இதைத்தான் புத்திசாலித்தனமான பயிற்சி என்று எழுதினேன். அதில் உங்களுக்கு என்ன எரிச்சல்?

வாலாஜா கணக்காசிரியர் | காலை 6:31
விரல் உரசினால் தோள் எங்கே இருக்கும்? உங்கள் கை நீளத்தையும் சேர்த்துத்தானே சொல்கிறேன்! 32 மீட்டர்.

வாணியம்பாடி மலையேற்றக்காரர் | காலை 7:05
கிணறு வட்டமா சதுரமா என்பதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். டிரையத்லானில் அதிக நேரம் போவது சைக்கிளில். எந்தத் தூரத்துப் போட்டியை எடுத்தாலும் பாதி நேரம் சைக்கிள்தான். வாரம் ஒரு முறை ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். நேரமில்லாதவனுக்கு மலையைப் போல ஆசான் கிடையாது.

கோட்டை ஓட்டக்காரர் | காலை 7:18
ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம். நாம் வேலூர்க்காரர்கள் எங்கே பயிற்சி செய்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குப் பாலமதி மலை இருக்கிறது.

வாணியம்பாடி மலையேற்றக்காரர் | காலை 7:26
2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தால் மலையின் சரிவும் மாறிவிடுமா? அதற்கு முன்னால் நாற்பது ஆண்டு நான் வேலூர்க்காரன்தான், வட ஆற்காட்டுக்காரன்தான். வாலாஜாகூட இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆசிரியரையும் வெளியே போகச் சொல்லுங்கள் பார்க்கலாம்!

காட்பாடி செவிலியர் | காலை 8:40
இரவுப் பணி முடித்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ஆறு மணி நேரம் போதும், போதாது என்றால் எந்தத் தூரத்துக்கு? ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதே வரிசையில் 1.5, 40, 10 கிலோமீட்டர். அரை அயர்ன்மேன் 1.9, 90, 21.1. முழுதென்றால் 3.8, 180, 42.2. ஸ்பிரின்டுக்கு ஆறு மணி நேரம் தாராளம். முழு அயர்ன்மேனுக்கு அதை வைத்துக்கொண்டு இறங்குவது உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் வேலை. முதலில் இதைத் தீர்மானித்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

வாலாஜா கணக்காசிரியர் | காலை 8:52
அம்மா, தூரம் எதுவாக இருந்தாலும் வட்டத்தின் சுற்றளவு மாறாது. 32 மீட்டர் 32 மீட்டர்தான்.

குடியாத்தம் கைலிக்காரர் | பகல் 1:10
சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். நான் கோவாவில் அரை அயர்ன்மேன் முடித்தவன். மிராமர் கடற்கரையில் அலைக்குள் 1,900 மீட்டரை 52 நிமிடத்தில் நீந்தினேன். நீச்சலுக்கு அங்கே கொடுக்கும் நேரம் ஒரு மணி பத்து நிமிடம். கிணற்றுப் பயிற்சி பொய் என்றால் கடலில் என்னைத் தூக்கிக்கொண்டு போனது யார்? ஆசிரியர் எட்டு ஆண்டாகப் பயிற்சி செய்கிறார், வாரம் பன்னிரண்டு மணி நேரம் என்று மாதந்தோறும் எழுதுகிறார். அவர் இன்னும் கடலில் கால் நனைத்ததாக நான் படித்ததில்லை.

வாலாஜா கணக்காசிரியர் | பகல் 1:45
நீங்களே வசமாக மாட்டிக்கொண்டீர்கள். போன மாதம் கிணற்றில் 50 சுற்றுக்கு 44 நிமிடம் என்று எழுதியிருந்தீர்கள். அது 1,900 மீட்டராக இருந்தால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 19 நொடி. அந்த வேகம் உண்மையென்றால் கோவாவிலும் 44 நிமிடம்தானே ஆகியிருக்க வேண்டும்? ஆனது 52. அதாவது 100 மீட்டருக்கு 2 நிமிடம் 44 நொடி. இப்போது என் கணக்குக்கு வாருங்கள். 1,600 மீட்டருக்கு 44 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 45 நொடி. ஒரே ஒரு நொடிதான் வித்தியாசம்! உங்கள் கிணறு 32 மீட்டர் என்று அரபிக்கடலே சாட்சி சொல்லிவிட்டது.

குடியாத்தம் கைலிக்காரர் | பகல் 2:02
கடலில் அலை உண்டு. பக்கத்தில் நீந்துகிறவன் காலால் மூக்கில் உதைப்பான். தலையைத் தூக்கி மிதவை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். கிணற்றில் இதெல்லாம் இல்லை. கூடுதலான எட்டு நிமிடம் அதற்குப் போனது. கடலில் நீந்தாதவருக்கு அது கணக்கில் வராது.

வாலாஜா கணக்காசிரியர் | பகல் 2:09
உப்புநீரில் உடல் மேலே மிதக்கும், வேகம் கூட வேண்டும். கிணற்று நன்னீர் அப்படித் தாங்காது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலும் ஒன்று. நீங்கள் எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுகிறீர்கள் என்று உங்கள் படத்தில் பார்த்தேன். நேர்கோட்டில் போகத் தெரியாத நீச்சல் அது. குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், உடல் நேராகப் பழகும்.

வாணியம்பாடி மலையேற்றக்காரர் | பகல் 2:40
கடலுக்கு அடியில் கறுப்புக் கோடு யார் போட்டிருக்கிறார்கள்?

கோட்டை ஓட்டக்காரர் | மாலை 5:15
இருவருக்கும் பொதுவாக ஒன்று சொல்கிறேன். சுவரிலிருந்து அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்று 35 மீட்டர் வரும். அதோடு இந்தப் பேச்சை முடித்துக்கொண்டு ஆறு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று பேசலாமா?

குடியாத்தம் கைலிக்காரர் | மாலை 5:20
35 இல்லை. 38.

வாலாஜா கணக்காசிரியர் | மாலை 5:21
35 என்று எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள்? நடுவில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் அது கணக்காகிவிடாது. உங்களிடமிருந்து இதைத்தான் எதிர்பார்த்தேன். 2022-ல் ஆம்பூர் வரை சைக்கிளில் போனபோதும் இப்படித்தான், 48 கிலோமீட்டரை 50 என்று எழுதிக்கொண்டீர்கள்.

கோட்டை ஓட்டக்காரர் | மாலை 5:40
நீங்களே அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்ததால் சொல்கிறேன். அன்றைக்குப் பள்ளிகொண்டா தாண்டி என் பின்சக்கரம் பஞ்சர். குழுவில் காற்றடிக்கும் பம்பு வைத்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான். “சராசரி வேகம் குறைந்துவிடும்” என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனீர்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் மே மாத வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். வேலூர் மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லாரி ஓட்டுநர்தான் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு கிலோமீட்டர் கூட எழுதியது எனக்கு நினைவில்லை, நீங்கள் நிற்காமல் போனது நினைவிருக்கிறது.

வாலாஜா கணக்காசிரியர் | மாலை 5:58
மாற்று டியூப் எடுத்துக்கொள்ளாமல் 90 அடி தூரம்கூடப் போகக் கூடாது என்று கிளம்பும்போதே சொன்னேன். பம்பு இருந்து என்ன பயன், கிழிந்த டியூபில் காற்று நிற்குமா? இதற்கும் கிணற்றுக்கும் சம்பந்தம் இல்லை. 32.

காட்பாடி செவிலியர் | மாலை 6:30
தூங்கி எழுந்து பார்த்தால் இன்னும் கிணற்றிலேயே இருக்கிறீர்கள். என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சரி, என் அனுபவத்தையாவது சொல்கிறேன். என் பணி மாறி மாறி வரும். வாரம் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் கிடைப்பதில்லை. இரவுப் பணிக்கு மறுநாள் கடினமான பயிற்சி எதையும் வைத்துக்கொள்வதில்லை. தூக்கம் கெட்ட உடம்பில் வேக ஓட்டம் ஓடிக் காலில் காயம் பட்டபோது கற்றுக்கொண்ட பாடம் அது. வாரத்தில் இரண்டே இரண்டு முக்கியப் பயிற்சி. ஒன்று, வீட்டில் சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெயினரில் மாட்டி நான்கு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெது என்று ஐந்து முறை. மற்றொன்று, ஞாயிறு விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் சைக்கிள், இறங்கியவுடன் இருபது நிமிட ஓட்டம். சைக்கிளை விட்டு இறங்கினால் கால் கட்டையாகக் கனக்கும், அதற்கு உடம்பைப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சி. மீதி எல்லாம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகம். நார்வேயில் பணியாற்றும் விளையாட்டுப் பயிற்சி ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் முன்னணி வீரர்களைப் பார்த்துச் சொன்னதும் அதுதான், ஏறக்குறைய எண்பது விழுக்காடு மெதுவாக, மீதி மட்டும் கடுமையாக. இப்படித்தான் என் முதல் ஒலிம்பிக் தூரத்தை முடித்தேன்.

இன்னொன்று. கைலிக்காரரே, கிணற்றில் தனியாக இறங்காதீர்கள். மேலே ஒருவர் நிற்கட்டும், கயிறு தொங்கட்டும். தசைப்பிடிப்பு வந்தால் எத்தனை ஆண்டுப் பழக்கமும் உதவாது. மருத்துவமனையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

குடியாத்தம் கைலிக்காரர் | இரவு 9:15
நன்றி அக்கா. என் தம்பி பம்புசெட் மேடையில் உட்கார்ந்திருப்பான். சுற்றுகளை எண்ணுவதும் அவன்தான்.

வாலாஜா கணக்காசிரியர் | இரவு 9:19
அப்படியானால் 50 என்ற எண்ணும் சந்தேகத்துக்கு உரியது. அடுத்து, எண்பது விழுக்காடு என்பதைச் செவிலியர் அம்மா தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். சைலர் முதலில் சொன்னது பயிற்சிகளின் எண்ணிக்கையை வைத்து, மணி நேரத்தை வைத்து அல்ல. வாரம் பத்துப் பன்னிரண்டு முறை பயிற்சி செய்கிறவர்களைப் பார்த்துச் சொன்னது. ஐந்தரை மணி நேரத்தில் எண்பது விழுக்காட்டை மெதுவாக ஓடிக் கழித்தால் மிச்சம் என்ன? நான் காலை 3:45-க்கு எழுகிறேன். எட்டு ஆண்டாக ஒரு நாள் தவறியதில்லை. நேரமில்லை என்று சொல்கிறவர்கள் எழுந்திருக்க மனமில்லாதவர்கள்.

காட்பாடி செவிலியர் | இரவு 9:30
3:45-க்கு நான் வார்டில் நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பேன். எழுந்திருக்க மனமில்லாதவள் என்று இன்னொரு முறை எழுதாதீர்கள் ஐயா.

குடியாத்தம் கைலிக்காரர் | இரவு 9:34
கோடை விடுமுறை, காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை என்று இருக்கிறவர் எட்டு ஆண்டு தவறாமல் செய்வதில் வியப்பில்லை. தீபாவளிக்கு முன்னால் இரண்டு மாதம் எங்கள் தறிக்கூடத்துக்கு வந்து பாருங்கள்.

வாலாஜா கணக்காசிரியர் | இரவு 9:41
விடைத்தாள் திருத்துவது யார்? தேர்தல் பணிக்கு இரவெல்லாம் வாக்குச்சாவடியில் கிடப்பது யார்? ஆசிரியர் வேலையை இளப்பமாகப் பேசினால் சும்மா இருக்க மாட்டேன். வரும் ஞாயிறு ஆறு மணிக்குக் குடியாத்தம் வருகிறேன். அளவு டேப்பைக் கொண்டுவருகிறேன். உங்கள் கிணற்றை அளந்து, நீங்கள் நீந்தும் கோட்டையும் அளந்து, படத்தோடு இங்கே போடுகிறேன்.

குடியாத்தம் கைலிக்காரர் | இரவு 9:45
தாராளமாக வாருங்கள். ஆனால் கரையில் நின்று அளக்க விடமாட்டேன். உள்ளே இறங்கி என் பின்னால் 50 சுற்று நீந்திவிட்டு அளக்க வேண்டும்.

வாலாஜா கணக்காசிரியர் | இரவு 9:47
60 சுற்று. 1,900 மீட்டருக்கு 60 சுற்று வேண்டும்.

வாணியம்பாடி மலையேற்றக்காரர் | இரவு 9:52
ஞாயிறு ஏலகிரி போவதாகப் பத்து நாள் முன்பே முடிவு செய்திருந்தோமே? அது என்ன ஆனது?

குடியாத்தம் கைலிக்காரர் | இரவு 9:58
50. டேப்பை நானே கொண்டுவருகிறேன். உங்கள் டேப் வேண்டாம்.

வாலாஜா கணக்காசிரியர் | இரவு 10:01
துணி அளக்கும் டேப்பில் கிணற்றை அளக்க விடமாட்டேன். அது இழுத்தால் நீளும். இரும்பு டேப்.