குப்பைமேட்டை இன்னும் உயர்த்தப் போகிறார்களாம்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வர்த்திலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருவுக்குக் கீழே பள்ளத்தைத் தாண்டினால் ஒரு நச்சுக் கழிவுக் குப்பைமேடு. அங்கே இடம் முடிந்துவிட்டதாம், மேட்டை இன்னும் உயர்த்தவும் பக்கத்துச் சரிவில் புதிதாகக் குழி வெட்டவும் அனுமதி கேட்டு அதை நடத்தும் நிறுவனம் விண்ணப்பம் போட்டிருக்கிறது. அறிவிப்புப் பலகையை லாரிகள் நுழையும் பின் வாசல் வேலியில் கட்டியிருந்தார்கள். 60க்கு 42 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, அந்த அளவில்தான் இருந்தது, ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் நடக்காத வழியில் இருந்தது. கோவிலுக்குக் காய்கறி இறக்கும் சின்ன டிரக் ஓட்டும் தம்பி ஒருவர் கண்ணில் பட்டுச் சொன்ன பிறகுதான் தெருவுக்கே விஷயம் தெரிந்தது.

எங்கள் தாத்தா பாட்டியெல்லாம் 1960களில் நகரத்தில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மகசின் பாரக்ஸிலிருந்து இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். இந்தியர்கள் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று, எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என வகுத்த நிறவெறிக் காலத்துக் குழுப்பகுதிச் சட்டம் கோடு போட்ட இடம். நாங்களாகத் தேடி வந்து குப்பைக்குப் பக்கத்தில் வீடு கட்டவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், விண்ணப்பத்தைப் பற்றிய முதல் கூட்டத்திலேயே நிறுவனத்துக்காக அறிக்கை தயாரிக்கும் ஆலோசகர் ஒருவர் "இங்கே வாழ வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்குமே" என்று பேசினார், பின் வரிசையில் இருந்த பெரியவர்கள் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்கள்.

இப்படி ஒரு மேட்டை எதிர்த்து நின்றவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அதிகாரி, ஆலோசகர், கவுன்சிலர், காவலாளி, யாரைச் சந்தித்தீர்கள், என்ன சொன்னார்கள், அப்புறம் என்ன ஆனது? பொதுவான ஆறுதல் வேண்டாம், நடந்தது வேண்டும்.

கிளேர் எஸ்டேட்டிலிருந்து:

அக்கா, பிசாசர் ரோடு குப்பைமேடு எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. 1980இல் திறந்தார்கள். 1987இல் மூடிவிட்டு விளையாட்டு மைதானம் ஆக்குவதாக நகர சபை வாக்குக் கொடுத்தது. பந்து விளையாடலாம் என்று காத்திருந்த பையன்கள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், மேடு மட்டும் உயர்ந்துகொண்டே போனது. நிறவெறி ஆட்சி போய் நம் ஓட்டில் ஆட்சி வந்த பிறகு, 1996இல், மூடுவதற்குப் பதில் அனுமதியைப் புதுப்பித்தார்கள். அதுதான் எங்களுக்கு அதிகமாக வலித்தது.

சஜீதா கான் என்ற பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். மேட்டுக்கு எதிர்வீட்டுக்காரர். கையெழுத்து வாங்கினார், ஆவணங்களைப் படித்தார், வழக்குப் போட்டார். குப்பையிலிருந்து வரும் மீத்தேனைப் பிடித்து மின்சாரமாக்கிக் கார்பன் வரவாக (வாயுவைக் குறைத்ததற்கான, விற்கக்கூடிய சான்றாக) விற்கலாம் என்று உலக வங்கியின் நிதி வரை பேச்சு போனபோது, அந்தத் திட்டமே மேட்டைத் திறந்து வைக்க ஒரு காரணமாகிவிடும் என்று சொல்லி எதிர்த்தவர் அவர். புற்றுநோயில் 2007இல் இறந்தார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேட்டுக்குப் பக்கத்துக் கென்னடி ரோடு குடிசைகளில் இருந்தவர்களில் பலர் அந்த மேட்டில் அட்டையும் இரும்பும் பொறுக்கித்தான் அடுப்பு மூட்டினார்கள். மூடு என்று நாங்கள் சொன்னபோது அது அவர்கள் சோற்றில் கைவைப்பதாகத்தான் அவர்களுக்குக் கேட்டது. ஒருமுறை வாசலில் ஒரு அம்மா என்னிடம் "நீ மூக்கைப் பற்றிப் பேசுகிறாய், நான் வயிற்றைப் பற்றிப் பேசுகிறேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தப் பேச்சை நாம் முதல் நாளே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், ஏனென்றால் நாம் பேசாத இடத்தில் நிறுவனம் போய்ப் பேசிவிடுகிறது. உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஓய்வுபெற்ற டாங்கர் ஓட்டுநர்:

நான் கழிவு ஏற்றியவன். சுருக்கமாக: வாசலில் எடைமேடை உண்டு, ஒவ்வொரு லோடுக்கும் ஒரு தாள் உண்டு. யார் அனுப்பியது, என்ன பொருள், எத்தனை டன் என்று அதில் இருக்கும். அந்தத் தாள்களைக் கேளுங்கள். தகவல் பெறும் சட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, தனியார் நிறுவனத்திடமும் கேட்கலாம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று, 40 சதவீதத்துக்கு மேல் ஈரம் உள்ள கழிவை 2019 ஆகஸ்டிலிருந்து நிலத்தில் கொட்டக் கூடாது. அதற்குப் பிறகும் டாங்கர் உள்ளே போவதைப் பார்த்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, உள்ளே எதற்குப் போகிறது, எங்கே சுத்திகரிக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஓட்டுநரோடு சண்டை போடாதீர்கள். அவனுக்கும் அந்த வாசம் தலைவலி கொடுக்கிறது.

ஹில்கிரெஸ்ட் பக்கத்திலிருந்து:

எங்கள் பக்கத்துச் சொங்வேனி குப்பைமேட்டு வாசம் 2016இல் எங்கள் பக்கம் முழுக்கப் பரவியது. அழுகிய முட்டை வாசம், தொண்டை எரிச்சல், பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம். பள்ளத்தாக்கின் இன்னொரு பக்கம் குவாண்டெங்கேசி, டாசன்ஹோக் மக்களுக்கும் அதேதான், அவர்கள் பேச்சை மட்டும் பத்திரிகைகள் தாமதமாகத்தான் கேட்டன. கடைசியில் 2017 ஏப்ரலில் சுற்றுச்சூழல் துறை அந்த இடத்தின் உரிமத்தை நிறுத்தி வைத்தது. அது எப்படி அந்த நிலைக்கு வந்தது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆலோசகர்கள் காட்டிய அறிக்கையில் காற்று "வரம்புக்குள்" இருந்தது. எப்படி என்றால், கம்பத்தில் ஒரு சின்னக் குழாயைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அப்படியே வைத்து, எடுத்து, சராசரி பார்க்கிறார்கள். ஆனால் வாசம் வாரக்கணக்கில் வருவதில்லையே. ஜூன், ஜூலையில் காற்று அசையாத இரவில், மேலே சூடான காற்று மூடிபோல் நிற்க, குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கு வழியாக மெல்ல இறங்கும்போது அந்த வாயுவும் கூடவே இறங்கி வீடுகளுக்குள் புகும். இரவு பதினொன்றுக்கு ஆரம்பித்து விடியும்போது போய்விடும். பகலில் அதிகாரி வந்து நின்றால் சுத்தமான காற்று. மாதச் சராசரியில் அந்தச் சில மணி நேரம் கரைந்து காணாமல் போய்விடுகிறது, ஆனால் எங்கள் பிள்ளை மூச்சுத் திணறியது அந்த மணி நேரத்தில்தான்.

அதனால் நாங்கள் எழுத ஆரம்பித்தோம். தேதி, நேரம், எந்தத் தெரு, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன வாசம், உடம்புக்கு என்ன செய்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு. பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதைப் பார்த்து எழுதக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். ஒரே இரவில், ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் அறியாத வீடுகளில் ஒரே குறிப்பு இருந்தால் அதைத் தட்டிவிட முடியாது. வானிலை நிலையத்தின் காற்றுத் திசையோடு சேர்த்து வைத்தபோது கோடு நேராக மேட்டுக்குப் போனது. வாட்ஸ்அப்பில் கோபப்பட்டு எழுதியது எதுவும் எங்களுக்கு உதவவில்லை, இந்த நோட்டுகள் உதவின.

அழுகிய முட்டை வாசம் என்றால் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. ஜிப்சம் போன்ற சல்பேட் உள்ள கழிவும் அழுகும் கழிவும் காற்று புகாத இடத்தில் ஒன்றாகக் கிடந்தால் கிருமிகள் அதை உண்டாக்கும். குப்பையிலிருந்து வடியும் கசிவு நீரில் அமிலத்தன்மை ஏறினால் வாயு இன்னும் எளிதாக வெளியே வரும். ஆகவே "என்னென்ன கழிவை ஒன்றாகப் போடுகிறீர்கள்" என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. "எவ்வளவு உயரம்" அதற்கு அப்புறம்.

ஐசிப்பிங்கோவிலிருந்து:

உம்லாசி நச்சுக் குப்பைமேடு எங்களுக்கும் உம்லாசிக்கும் நடுவில் இருந்தது. அந்தக் காலத்தில் கறுப்பர் பகுதிக்கும் இந்தியர் பகுதிக்கும் இடையில் எதைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்று பார்த்தாலே புரியும். 1997இல் அது மூடப்பட்டது, இரண்டு பக்கத்து மக்களும் சேர்ந்து சாலையில் நின்றதால். என் அப்பா அப்போது போனவர். மாரியம்மன் கோவில் சமையலுக்கு வைத்திருந்த பெரிய பாத்திரத்தைக் கொண்டுபோய் ஓரத்தில் டீ போட்டார்களாம். சூலு மொழி தெரிந்த எங்கள் அத்தைதான் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தவர். கிளேர் எஸ்டேட் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நம் பக்கம் மட்டும் நின்றால் வாசத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு ஜெயித்ததாகச் சொல்லிவிடுவார்கள்.

மேர்பேங்கிலிருந்து:

எங்களுக்குத் தொல்லை கொடுத்தது குப்பைமேடு இல்லை, அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா என்று வந்த பிறகுதான் பெரிய இடங்களில் எங்கள் பேச்சை உட்கார்ந்து கேட்டார்கள். அதற்கு முன் தாய்மார்கள் சொன்னதெல்லாம் "பயம்" என்று எழுதப்பட்டது. கிளினிக் அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா பம்ப் (மூச்சு மருந்து) வாங்கிய ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வர்த்திலிருந்து மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. எழுதியதையெல்லாம் அச்செடுத்து எங்கள் குழுவில் சத்தமாகப் படித்தோம்.

இரண்டாவது கூட்டம் நடந்தது. இந்த முறை கூச்சல் போடவில்லை, கேள்விகளை எழுதிக் கொண்டுபோனோம். மேட்டின் அடியில் களிமண்ணும் பாலிஎத்திலீன் விரிப்பும் இருக்கிறது, கசிவு நீர் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகும் என்று ஆலோசகர் பெண் படம் போட்டு விளக்கினார், மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர் மாமா ஒரே கேள்வி கேட்டார்: அந்தக் குழாய்களைப் போட்டபோது எவ்வளவு உயரக் கழிவின் எடையைத் தாங்கக் கணக்குப் போட்டார்கள், இப்போது கேட்கும் உயரத்துக்கு அந்தக் கணக்கை யார் மறுபடி போட்டது? அந்தக் கணக்கு அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. "இணைப்பாகத் தருகிறோம்" என்றார். தேதி போட்டு எழுதித் தாருங்கள் என்றோம், எழுதித் தந்தார். சொங்வேனி அனுபவத்தைப் படித்ததால், மாதச் சராசரி வேண்டாம், இரவு நேர மணிக்கணக்கு அளவீடு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. உரிமத்தில் சொல்லியிருக்கும் கண்காணிப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் கேட்டிருக்கிறோம்.

அரசியல் சாசனத்தின் 24ஆம் பிரிவு உடல்நலத்துக்குக் கேடில்லாத சுற்றுப்புறம் எல்லோருக்கும் உரிமை என்று சொல்கிறது, அதை எங்கள் மனுவின் முதல் வரியாக வைத்தோம். ஆனால் மனுவில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது என்று வழக்கறிஞர் தங்கை ஒருவர் விளக்கினார். ஒவ்வொருவரும் பாதிக்கப்படும் தரப்பாகத் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் முடிவை நேரடியாக நமக்குத் தெரிவிப்பார்கள். முடிவு வந்தபின் மேல்முறையீட்டுக்கு 20 நாள்தான், விஷயம் நமக்குத் தெரியாமலே அந்த 20 நாள் ஓடிவிட்டால் என்ன செய்வது? ஆகவே மனுவை ஓரமாக வைத்துவிட்டு வீடு வீடாகப் பதிவுப் படிவத்தோடு போகிறோம், கண் தெரியாத ஆயாமார்களுக்குப் படித்துக் காட்டிப் பூர்த்தி செய்கிறோம்.

பள்ளத்தின் அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்கும் போனோம். அங்கே இளைஞர்கள் சிலருக்கு மேட்டில் வேலை தருவதாக ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள். அதை நாங்கள் எதிர்த்துப் பேசவில்லை. எத்தனை வேலை, எத்தனை மாதத்துக்கு, எழுத்தில் இருக்கிறதா என்று அவர்களே கேட்கட்டும் என்றோம். அங்குள்ள ஒரு பாட்டி ஏற்கனவே காலண்டரில் வாசம் வந்த நாள்களைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவரே செய்தது. அந்தக் காலண்டரின் படத்தை அவர் அனுமதியோடு கோப்பில் சேர்த்திருக்கிறோம்.

வரைவு அறிக்கைக்குக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை மாலை கோவில் மண்டபத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்து கருத்துகளை எழுதப் போகிறோம், தமிழிலோ சூலுவிலோ சொன்னால் ஆங்கிலத்தில் எழுதித் தரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐசிப்பிங்கோ அக்கா, உங்கள் அத்தை நடமாட முடிந்தால் அவரை அழைத்து வாருங்கள், கார் அனுப்புகிறோம். நோட்டு எழுதியவர்கள் அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு நகலை மட்டும் கொண்டுவாருங்கள்.