முகம் கழுவேக்க போடுற மெத்தெண்ட துவாய் பாண்ட்: எந்தத் துணி, எவ்வளவு இறுக்கம்?

கோண்டாவில்பக்கம்:
முகம் கழுவ, கடலை மா பூச எண்டு போடுற மெத்தெண்ட ஹெயார் பாண்ட் ரெண்டு கிழமையில பொச்சுமட்டை மாதிரி ஆகிட்டுது. நெத்தியில கோடு விழுது, முடி தொடங்குற இடத்தில பொடிப்பருவும் வருது. துணி பிழையோ, தோய்க்கிறது பிழையோ? வீட்டில தைக்கிறதெண்டா அளவும் சொல்லுங்கோ.

தையல்மெசின்:
கோடு விழுறது இலாஸ்டிக் சுத்திவர ஓடுறதால. அது பின்கழுத்தில மட்டும் இருந்தால் காணும். தலைச்சுற்றளவு 22 இஞ்சிக்கு அளவு இது: துவாய்த் துணி 17க்கு 9, மெல்லிய பருத்தி 8க்கு 3½, ஒரு இஞ்சி அகல இலாஸ்டிக் 5 இஞ்சி. அரை இஞ்சி தையலுக்குப் போகும். தலை ஒரு இஞ்சி கூடக் குறைஞ்சால் துவாய் நீளத்தை மட்டும் மாத்துங்கோ, இலாஸ்டிக்கில கை வைக்காதேயுங்கோ.

துவாயை வெட்ட முதல் ஒருக்கா தோய்ச்சுக் காயவிடுங்கோ, இல்லாட்டி பிறகு சுருங்கி இறுகும். ரெண்டு துணியையும் குழாயாத் தைச்சுப் புரட்டி, பருத்திக்குள்ள இலாஸ்டிக்கை விட்டு ரெண்டு முனையையும் அடிச்சிடுங்கோ. துவாய் முனையை மடிப்பு மடிப்பாச் சுருக்கி அதோட பொருத்துங்கோ. அந்த மூட்டில தடிப்பு கூட. 16ஆம் நம்பர் ஊசி, நீட்டுத் தையல், வேணுமெண்டால் கையால சில்லைச் சுத்துங்கோ. மெல்லிய ஊசி அதில முறியும்.

மிஞ்சின துண்டில மணிக்கட்டுக்கும் ரெண்டு பட்டி தைச்சால் முகம் கழுவேக்க தண்ணி முழங்கை வரை வழியாது.

சுண்ணக்கல்:
பொச்சுமட்டையாகிறதுக்குக் காரணம் எங்கட யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி. சுண்ணக்கல்லுக்குள்ளால வாறதால சவர்க்காரம் நல்லா நுரைக்காது, வெள்ளை வெள்ளையாத் திரைஞ்சு தும்புக்குள்ள இறுகிடும். சவர்க்காரத்தைக் குறைச்சு, மூண்டு தரம் அலசி, கடைசி வாளித் தண்ணியில அரைக் கோப்பை வினாகிரி விடுங்கோ. காய முதல் நல்லா உதறினால் தும்பு நிமிரும். துணியை மெத்தெண்டாக்க விடுற வாசனைத் திரவத்தில ஊற வைச்சால் மெத்தெண்டுதான் இருக்கும், ஆனா தண்ணி உறிஞ்சாது.

முகத்துக்குப் பூசுற மஞ்சள்தூள் கறை சவர்க்காரம் பட்ட உடன சிவக்கும், பயப்பிடாதேயுங்கோ. அலசி வெயில்ல போட்டால் மெல்ல மெல்ல மங்கும். வெளுக்கப் போடுற கிளோறின் வேண்டாம், இலாஸ்டிக்கைத் தின்னும். அதோட வினாகிரி சேர்ந்தால் நச்சு வாயு, ஒரே வாளியில ரெண்டையும் ஒருநாளும் கலக்கக்கூடாது.

நல்லூரடி:
பருவுக்கு வேறை காரணம். ஈரப் பட்டியைக் குளியலறைக் கொழுக்கியில கொழுவிப்போட்டு அடுத்தநாளும் அதையே போட்டால் வேர்வை, எண்ணெய், பழைய மா எல்லாம் திரும்ப நெத்திக்கு வரும். உரசலும் சேர்ந்தால் சொல்லவே வேணாம். மூண்டு பட்டி வைச்சு மாத்துங்கோ.

போடுற விதமும் இருக்கு. முதல் கழுத்துக்கு இறக்கி, பிறகு முன்பக்கத்தை முகத்துக்கு மேலால தூக்கி, முடியைப் பின்னுக்குத் தள்ளி, முடி தொடங்குற இடத்திலயிருந்து ஒரு விரல் பின்னால நிப்பாட்டுங்கோ. அப்பதான் நெத்தி ஓரமும் கழுவுப்படும். பட்டிக்குக் கீழ ரெண்டு விரல் லேசாப் போகவேணும். இறுக்கினால் தலையிடி வரும். ஒவ்வொரு நாளும் இழுத்து இழுத்துப் போட்டால் முன்முடி மெலியும்.

கோண்டாவில்பக்கம்:
வெல்குரோ வைச்சது எப்பிடி? தலை அளவு பார்க்கத் தேவையில்லையெண்டு சொல்லுகினம்.

தையல்மெசின்:
அளவுக்கு வசதிதான். ஆனா வெல்குரோவின்ர சொரசொரப்பான கொளுக்கிப் பக்கம் துவாய் இழையையும் பிடரி முடியையும் பிடிச்சு இழுக்கும். வைக்கிறதெண்டால் கொளுக்கிப் பக்கம் தலைக்கு வெளிய பார்க்க வைச்சுத் தையுங்கோ, தோய்க்கேக்க ஒட்டிப்போட்டுத் தோயுங்கோ. எண்ணெய் முழுக்குக்கு மட்டும் இலாஸ்டிக்கை விட இதுதான் நல்லம். எண்ணெய் ஊறினால் ரப்பர் தளர்ந்திடும்.