அப்பா ஏபி, அம்மா ஓ, குழந்தை ஓ: இது நடக்குமா?

தாமிரபரணி:
வணக்கம். இதை எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். என் தங்கையை அத்தை மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறோம், அப்பாவின் கூடப்பிறந்த அக்கா மகன். குழந்தைக்கு இப்போது ஏழு மாதம். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் ஓ பாசிட்டிவ் என்று இருக்கிறது. தங்கையும் ஓ பாசிட்டிவ். மச்சான் ஏபி பாசிட்டிவ், அது அவர் லைசென்ஸிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையன், ஏபி அப்பாவுக்கு ஓ குழந்தை பிறக்காதே என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அத்தை தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மச்சான் எதுவும் சொல்லவில்லை, அவர் அப்படி வாயே திறக்காமல் இருப்பதுதான் அவளுக்கு இன்னும் வலிக்கிறது, ராத்திரி போன் செய்து அழுகிறாள். என் தங்கையை எனக்குத் தெரியும், அவள்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. அறிவியல்படி இதற்கு வழி உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:
அந்தப் பையன் சொன்னது சரிதான் சகோ. ஏபி என்றால் ஒரு ஏ ஜீன், ஒரு பி ஜீன். இரண்டில் ஒன்று குழந்தைக்குப் போயே தீரும். அம்மா ஓ என்பதால் குழந்தை ஏ அல்லது பி ஆகத்தான் இருக்க வேண்டும். மனசு கஷ்டமாக இருந்தாலும் ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

பயாலஜி டீச்சர்:
மலைக்கோட்டை, நீங்கள் எழுதியது பாடப்புத்தகப்படி சரி. நானே வகுப்பில் அப்படித்தான் நடத்துகிறேன், ஆனால் கூடவே இன்னொன்றையும் சொல்லித்தான் முடிப்பேன். ரத்த வகையைத் தீர்மானிப்பது ஒரு ஜீன் மட்டும் இல்லை.

சிவப்பணுவின் மேல் எச் என்று ஒரு சர்க்கரை அமைப்பு இருக்கிறது. ஏ ஜீன் செய்யும் நொதி அந்த எச் மேல் ஒருவகைச் சர்க்கரையைக் கொண்டுபோய் ஒட்டும், பி ஜீனின் நொதி வேறொன்றை ஒட்டும். இத்தனைக்கும் அந்த இரண்டு நொதிகளுக்கும் 354 அமினோ அமிலங்களில் 4 இடத்தில்தான் வித்தியாசம்! ஓ என்பது பெரும்பாலும் ஏ ஜீனிலேயே ஒரே ஒரு எழுத்து விடுபட்டுப் போனது. ஒரு எழுத்து போனதும் அதற்குப் பிறகு வருவது எல்லாம் தப்பாக வாசிக்கப்பட்டு, வேலை செய்யாத நொதி உருவாகிறது. அதனால் ஓ காரர்களிடம் எச் வெறுமனே நிற்கும்.

இப்போது அந்த எச்சையே செய்ய முடியாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம். அவரிடம் நல்ல ஏ ஜீனோ பி ஜீனோ இருந்தாலும் ஒட்ட இடம் இல்லை, சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டும். இதைத்தான் 1952ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள், பாம்பே பிளட் குரூப் என்று பெயரே வந்துவிட்டது. எச் ஜீன் 19வது குரோமோசோமில், ஏபிஓ ஜீன் 9வதில். அதனால் இரண்டும் தனித்தனியாக இறங்கும்.

குழந்தை பாம்பே ஆக வேண்டுமென்றால் பழுதான எச் ஜீன் அப்பாவிடமிருந்தும் வர வேண்டும், அம்மாவிடமிருந்தும் வர வேண்டும். நீங்கள் அத்தை மகன் என்று எழுதியதும் எனக்கு அதுதான் தோன்றியது. உங்கள் அப்பாவும் அத்தையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாத்தாவிடமோ பாட்டியிடமோ அப்படி ஒன்று இருந்திருந்தால் அது இரண்டு வழியாகவும் இறங்கி இந்தக் குழந்தையிடம் வந்து சேர இடம் இருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இந்த மாதிரி அபூர்வமானவை வெளியே தெரிய வருவது அதனால்தான்.

ரத்த வங்கி டெக்னீஷியன்:
டீச்சர் சொன்ன அத்தனையும் சரி. ஆனால் பதினாறு வருடத்தில் நான் பாம்பே குரூப்பைப் பார்த்தது இரண்டு தடவை. தப்பாக எழுதிய குரூப்பைப் பார்ப்பதோ மாதா மாதம். அதனால் முதலில் சீட்டுகளைச் சந்தேகப்படுங்கள், அந்தப் பெண்ணை இல்லை. மலைக்கோட்டை சார், தயவுசெய்து எடுத்த எடுப்பில் டிஎன்ஏ என்று சொல்லாதீர்கள், அந்த ஒரு வார்த்தையிலேயே குடும்பம் உடைந்துவிடும்.

பிறந்த குழந்தையின் அணுக்களில் ஏ, பி இரண்டும் பலம் குறைவாக இருக்கும், அவசரமாகப் பார்த்தால் ஓ என்று தோன்றலாம். பெரியவர்களுக்கு அணுவையும் பார்ப்போம், சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில் இருக்கும் எதிர்ப்பொருளையும் பார்ப்போம், இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. குழந்தைக்குச் சொந்த எதிர்ப்பொருள் உருவாகவே சில மாதம் ஆகும் என்பதால் பிறந்த அன்று அந்த இரண்டாவது சோதனைக்கு வழியே இல்லை. அப்புறம் அந்த லைசென்ஸ், அதில் இருப்பது பரிசோதனை முடிவு இல்லை, நாம் எழுதிக் கொடுத்தது.

மூன்று பேரும் ஒரே நாளில் ஒரு நல்ல ரத்த வங்கிக்குப் போய்ப் புதிதாக எடுங்கள். சிலைடில் வேண்டாம், டியூப் அல்லது ஜெல் முறையில் கேளுங்கள். அதற்கப்புறமும் அப்பா ஏபி, குழந்தை ஓ என்றே வந்தால் குழந்தையின் அணுவில் எச் இருக்கிறதா என்று காட்டும் ஆன்டி எச் மருந்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாம்பே என்று உறுதியானால் அதைக் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும், அவர்களுக்கு ஓ ரத்தம்கூட ஏற்ற முடியாது, இன்னொரு பாம்பே ரத்தம்தான் வேண்டும்.

ஒரு கேள்வி. உங்கள் அத்தையின் குரூப் என்ன?

தாமிரபரணி:
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, பத்து நாள் ஆகிவிட்டது. அத்தையின் பழைய கர்ப்பப்பை ஆபரேஷன் சீட்டைத் தேடி எடுத்தேன், ஓ பாசிட்டிவ்.

பயாலஜி டீச்சர்:
அப்படியென்றால் மச்சான் ஏபி என்பதே இடிக்கிறதே! ஓ அம்மாவுக்கு ஏபி பிள்ளை என்பதும் அதே கணக்கில் வராது. அவருக்கு மறுபடி எடுத்தீர்களா?

தாமிரபரணி:
எடுத்தோம் டீச்சர். முதலில் வரமாட்டேன் என்றார், நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். மச்சான் பி பாசிட்டிவ். இரண்டு முறையிலும் பி தான். ஏபி என்று வந்தது அவர் பத்தாவது படிக்கும்போது ஒரு முகாமில் கொடுத்த கார்டு, அதைப் பார்த்துத்தான் லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். தங்கை ஓ, குழந்தையும் ஓ, அதில் மாற்றமில்லை.

பயாலஜி டீச்சர்:
அப்போது சரியாகப் பொருந்துகிறது. அத்தையிடம் கொடுக்க ஓ மட்டும்தான் உண்டு, அதனால் மச்சானிடம் ஒரு பி, ஒரு ஓ. அதில் ஓ இறங்க ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்தக் குழந்தையின் ஓக்களில் ஒன்று அத்தையிடமிருந்தே வந்தது, அதை அவரிடம் சொல்லுங்கள்.

தாமிரபரணி:
சொன்னேன். அத்தை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், பிறகு குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். மச்சான் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டார். தங்கை இன்னும் இரண்டு பேரிடமும் பேசவில்லை. அவளை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ரத்த வங்கி டெக்னீஷியன்:
மனசு நிறைந்தது. அந்த முகாம் கார்டைக் கிழித்துப் போடுங்கள், லைசென்ஸிலும் மாற்றச் சொல்லுங்கள். பி காரருக்கு ஏபி ரத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து. ஏற்றும் முன் பொருத்தம் பார்ப்போம்தான், இருந்தாலும் தப்பான சீட்டு பர்ஸில் இருக்க வேண்டாம்.