'வாலாஜா' என்று மட்டும் எழுதியிருந்த மூட்டை

வேலூரை அடுத்த மேல்மொணவூர் பக்கம் ஹைவே ஓரமாக ஒரு பார்சல் குடோனில் நான்கு வருடம் நைட் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். லோடு மாறிப்போன கதை இந்தத் தொழிலில் எல்லாரிடமும் ஒன்று இருக்கும். என்னுடையது கல்யாணப் பத்திரிகைக் கட்டு.

சிவகாசியிலிருந்து வந்த பெட்டி. போக வேண்டிய இடம் வாலாஜாபேட்டை, பின்கோடு 632513. மூட்டை கட்டிய பையன் மேலே மார்க்கரால் 'வாலாஜா' என்று மட்டும் எழுதிவிட்டான். நம்ம ஊர்க்காரனுக்கு வாலாஜா என்றால் வாலாஜாபேட்டைதான், வேறு என்ன? ஆனால் அன்று வண்டியில் ஏற்றியவன் காஞ்சிபுரம் பக்கத்து ஆள். அவனுக்கு வாலாஜா என்றால் வாலாஜாபாத், 631605. இரண்டு வண்டிகளும் அடுத்தடுத்துப் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றன. மூட்டை காஞ்சிபுரம் வண்டியில் போய்விட்டது. எழுதியவனும் சரி, ஏற்றியவனும் சரி, அவரவருக்குத் தெரிந்ததைத்தான் செய்தார்கள்.

திரும்பி வர நாலு நாள். பெண்ணின் அப்பா நேரிலேயே வந்தார். சத்தம் போடவில்லை. "முகூர்த்தத்துக்குப் பதினோரு நாள்தான் இருக்கு சார், நான் எப்போ வீடு வீடாப் போறது?" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

இந்த வட்டாரமே இப்படித்தான். திருப்பத்தூர் என்றால் 635601, ஆனால் சிவகங்கை மாவட்டத்தில் இன்னொரு திருப்பத்தூர் இருக்கிறது, அது 630211. ஆரணி 632301, பொன்னேரி பக்கத்து ஆரணி 601101. 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆகிவிட்டன. ஜனங்கள் இன்னமும் ஆம்பூருக்குக்கூட 'வேலூர் மாவட்டம்' என்றே எழுதுகிறார்கள். புதுப் பையனிடம் "632ன்னா நம்முது" என்று சொல்லிக்கொடுப்போம். ஆம்பூர் 635802. அது 635 ஆச்சே, கிருஷ்ணகிரியும் ஓசூரும் 635 ஆச்சே என்று ஷூ பெட்டிகளை எல்லாம் அந்தப் பக்கம் தள்ளிவிடுவான். நாம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே கேட்டதுதான் அவன் செய்த தப்பு.

பத்திரிகை விவகாரத்துக்கு அப்புறம் மேலிடத்தில் ஒரு உத்தரவு போட்டார்கள்: மாறி ஏறும் ஒவ்வொரு பார்சலுக்கும் ஏற்றியவன் கூலியில் நூறு ரூபாய் பிடித்தம். முதல் மாதம் தப்பே இல்லாதது மாதிரி ரிப்போர்ட் வந்தது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஒரு விடியற்காலை குடியாத்தம் வண்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கோணிக்கு அடியில் ஆற்காட்டுப் பெட்டிகள் மூன்று. ஏற்றியவனுக்குத் தெரிந்திருக்கிறது. இறக்கினால் நூறு ரூபாய் போகும், போகிற இடத்தில் எவனாவது கண்டுபிடிக்கட்டும் என்று மூடிவிட்டான். இறக்கி வைத்திருந்தால் அரை நிமிட வேலை. போய்விட்டுத் திரும்ப வர எத்தனை நாள்!

பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி மேலே சண்டை போட்டேன். என் ஷிப்டுக்கு மட்டும் சரி என்றார்கள். லோடு ஏற்றுகிற டாக்கு வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் டப்பை வைத்தேன். ஷட்டர் இறங்குவதற்குள் சந்தேகம் வருகிற எதையும் அதில் போடலாம், யார் போட்டது என்று கேட்க மாட்டேன். பையன்கள் அதற்குச் சந்தேகப் பெட்டி என்று பேர் வைத்தார்கள். முதல் வாரம் நிரம்பி வழிந்தது. உடனே ஆபீசிலிருந்து போன்: "உன் ஷிப்டில் மட்டும் ஏன் தப்பு கூடிப்போச்சு?" கூடவில்லை சார், இப்போதுதான் கண்ணில் படுகிறது என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

---

நான் ஏற்றுகிற பக்கம் இருந்தவன், வேறு குடோன். அந்த நூறு ரூபாயைக் கட்டியும் இருக்கிறேன். ஒன்று சொல்ல விட்டுவிட்டீர்கள் அண்ணே, பீப் சத்தம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் ஸ்கேன் பண்ணுவோம், இரண்டு கருவிக்கும் ஒரே சத்தம். அவன் பெட்டிக்கு அடித்த பீப்பை என் பெட்டிக்கு என்று நினைத்துத் தூக்கி உள்ளே போட்டுவிடுவேன். கணக்கில் என் பெட்டி இருக்காது, வண்டியில் இருக்கும். ராத்திரி மூணு மணிக்குக் காதை நம்பக் கூடாது. அப்புறம் நம்ம ஊர் வெயில். கத்திரியில் தகரக் கொட்டகைக்குள் கிடந்தால் லேபிள் பேப்பரே கறுத்துப் போகிறது, பார்கோடு எங்கே ஸ்கேன் ஆகும்? நம்பரைக் கையால் அடிக்க வேண்டும், கையால் அடித்தால் ஒரு எண் மாறும்.

---

நான் டிரைவர். வேலூர், பள்ளிகொண்டா, குடியாத்தம், பேரணாம்பட்டு லைன். ஊர் மாறாமல் வரிசை மாறினாலும் செத்தேன். கடைசியில் இறங்குகிற பேரணாம்பட்டு முதலில் ஏறணும். அவசரத்தில் அதைக் கடைசியில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் குடியாத்தத்தில் மத்தியான வெயிலில் பேரணாம்பட்டு மூட்டை எல்லாவற்றையும் ரோட்டோரம் இறக்கி, உள்ளே போய் குடியாத்தத்து லுங்கி மூட்டையைத் தேடி எடுத்து, மறுபடி ஏற்றணும். அப்படி ஏற்றும்போது ஒரு பெட்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன் ஒரு தடவை. டீக்கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார், பிழைத்தேன். இப்போது ஏற்றும்போது நானே பக்கத்தில் நின்றுகொள்கிறேன். டீ என் செலவு.

---

முதலில் எழுதியவன்தான். சந்தேகப் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் அங்கிருந்து வந்துவிட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பெட்டி அதே இடத்தில் இருக்கிறது. அதற்குள் பேக்கிங் டேப் சுருள்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.