புதுப்பிப்பு: ஏரோ படித்த அக்கா மகளுக்கு வேலை கிடைத்தது

தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் அக்கா மகள் ஏரோநாட்டிகல் (விமானப் பொறியியல்) முடிக்கப் போகிறாள், சேரும்போது கல்லூரி சொன்ன வேலைவாய்ப்பு எதையும் காணோம், ஐடிக்கு மாறச் சொல்லலாமா என்று போன தை மாதம் இங்கே கேட்டிருந்தேன். இப்போது குறுவை நடவு நடக்கிறது. வேலை கிடைத்துவிட்டது, பெங்களூரில்.

பலரும் இஸ்ரோவைச் சொன்னீர்கள். அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: பொறியாளர் இடங்களில் பெரும்பகுதி எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு. பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் (GATE) தேர்வில் ஏரோஸ்பேஸுக்குத் தனித்தாள் உண்டே என்று அதையும் எழுதினாள். மதிப்பெண் சுமார்தான்.

கைகொடுத்தது, 'பட்டத்தைக் காட்டாதே, செய்ததைக் காட்டு' என்று இங்கே ஒருவர் சொன்ன யோசனை. பாகங்களை வரைய கேட்டியா (CATIA), அவை தாங்குமா என்று கணக்கிட ஆன்சிஸ் (ANSYS) என்று இரண்டு மென்பொருள்களையும் உட்கார்ந்து பழகினாள். ஒரு சின்ன இறக்கையை வரைந்து, எங்கே வளையும், எங்கே முறியும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நேர்முகத்தில் அதைத்தான் துருவினார்களாம். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையை 1.5 மடங்காக்கி வடிவமைப்பது ஏன் என்பதுதான் முதல் கேள்வி. சம்பளம் ஐடி தோழிகளைவிடக் குறைவு. அவளுக்கு அதில் வருத்தமில்லை, எனக்குக் கொஞ்சம் உண்டு.

ராணுவத் தளவாட உற்பத்திக்கான தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று என்பதால் அங்கும் அலைந்தோம். எங்கள் கண்ணில் பட்டதெல்லாம் உதிரிபாகம் கடையும் வேலையும் தரச் சோதனையும்தான்; வடிவமைப்பு இல்லை.

அக்காவுக்குத்தான் ஆறவில்லை. தஞ்சை விமானப்படைத் தளத்துக்கு 2020-இல் சுகோய் போர் விமானங்கள் வந்ததிலிருந்து வீட்டுக்கு மேலேயே சத்தம். "தலைக்கு மேல பறக்குது, வேலைக்கு மட்டும் பெங்களூராடா தம்பி?" என்கிறாள்.